பார்த்த விதம்

நள்ளிரவு தொடங்கி நாலு மணிவரை
சுக்கான் அறை என் பொறுப்பு.
ஜூன் மாதம். இங்கே இரவென்பது
கொஞ்சம் அழுக்கான பகல்.
டோர்ஷாவனில் ஏற்றிய மரமும் உப்புமாய்
நூக் நோக்கி எட்டு நாட் வேகத்தில் 'ரன்வா'.
கிரீன்லாந்தின் தெற்கு முனை வலப்பக்கம் எங்கோ இருக்கிறது,
வரைபடம் சொல்கிறது, நம்ப வேண்டியதுதான்.

மூன்று மணிக்கொருமுறை படிவம்.
அட்சம், தீர்க்கம், கடல்நீரின் குளிர்,
கண்ட பனிமலைகள் எத்தனை, எவ்வளவு பெரிது.
வீட்டளவு என்றால் ஓரெழுத்து,
தேவாலயத்தளவு என்றால் வேறெழுத்து.
மீன்படகளவே மிஞ்சியதற்குத்தான்
எழுத்துக்குப் பதில் ஒரு பெயர்:
உறுமி.
உள்ளே அடைபட்ட பழங்காற்று வெளியேறும்போது
உறுமுமாம். நான் கேட்டதில்லை.
எங்கள் என்ஜின் எதையும் கேட்கவிடாது.
அலைக்கும் உறுமிக்கும்
ரேடாருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒன்று நாற்பதுக்குப் பனி விலகியது.
இரண்டு கடல்மைல் தூரத்தில்
நீலமாய், வழுவழுப்பாய், ஈரம் காயாமல் ஒன்று.
செக்ஸ்டன்ட்டை எடுத்தேன்.
(கேப்டன் ஹானுஸ் விழித்திருந்தால் சிரித்திருப்பார்.)
முப்பத்தெட்டு கலை.
பெருக்கினால் நாற்பத்தோரு மீட்டர்.
"படுத்த பசு" என்றான் சுக்கானில் நின்ற போகி,
காப்பிக் கோப்பையை எடுக்காமலே வாயால் உறிஞ்சியபடி.

போன வாரப் பட்டியலில் இதே நீரோட்டத்தில்
வேறொன்று இருந்தது:
இரட்டைக் கோபுரம், நடுவே வளைவு, அறுபத்தெட்டு மீட்டர்.
எழுதியவன் உயார்னெக்,
இறால் கப்பல் ஒன்றின் இரண்டாம் அதிகாரி.
முகம் பார்த்ததில்லை. கையெழுத்தும் பார்த்ததில்லை.
குரல் மட்டும், கரகரவென்று, வானொலியில்.

"உன் கோபுரங்களைக் காணோம்" என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"மேற்குப் பக்கம் கறுப்புப் பட்டை இருக்கிறதா?
மலையைச் சுரண்டிய மண், கிடையாக,
பெல்ட் கட்டியதுபோல?"

தொலைநோக்கியைத் துடைத்துப் பார்த்தேன்.
இருந்தது.
கிடையாக இல்லை, செங்குத்தாக,
தலைமுதல் நீர்வரை.
அதைக் குறுக்கே வெட்டி
பழைய நீர்க்கோடு, மாடிப்படிபோல் சாய்ந்து.

புரண்டிருக்கிறது.
யாரும் பார்க்காத ஒரு பிற்பகலில்
கோபுரங்களை உடைத்துப் போட்டுவிட்டு
வயிற்றை வானுக்குக் காட்டியிருக்கிறது.
அல்லது
இது இன்னொன்று, மண் சுமந்த எத்தனையோவற்றில் ஒன்று,
உயார்னெக்கின் கோபுரங்கள்
இன்னும் நிமிர்ந்தபடி எங்களுக்கு முன்னால் மிதக்கின்றன.

குறிப்புக் கட்டத்தில் நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
'அதுவேதான்' என்று நான் எழுதினால்
கரையில் யாரோ ஒருவர் ஒரு புள்ளியை அழிப்பார்.
கடலில் ஒரு பனிமலை குறையும்,
காகிதக் கடலில்.
எழுதினேன்: 'அதுவேயாகலாம்.' பிறகு
ஒரு கேள்விக்குறி. பிறகு
அது போதவில்லையென்று இன்னொன்று.

பேனாவை மூடுவதற்குள்
தட்.
கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி
தட்.
கதவு தட்டும் விருந்தாளிபோல், அவசரமில்லாமல்.

காப்பி சிந்தியது. என்ஜினை நிறுத்தினோம்.
தகடு நசுங்கவில்லை, நீர் ஏறவில்லை என்று
கீழிருந்து ஆள் வந்து சொல்லும்வரை
போகி ஒரு வார்த்தை பேசவில்லை.
நான் வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.
கண்ணாடி நிறத்தில் ஒரு முதுகு, அலைக்குள் பாதி,
பின்னோக்கி நழுவிக்கொண்டிருந்தது.

என்ஜின் இல்லாத அமைதியில் கேட்டது.
உறுமலே இல்லை.
சூடான சட்டியில் கொழுப்பு பொரிவதுபோல
சடசட, சடசட,
எந்த நூற்றாண்டின் காற்றோ,
என் முகத்தருகே.

உள்ளே வந்தேன். படிவத்தில் புது வரி.
எண்ணிக்கை: ஒன்று. பருமன்: உறுமி.
பார்த்த விதம்:
கண், ரேடார், இரண்டில் ஒன்றை வட்டமிடுக.

இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன்,
காது.