பன்னிரண்டு

பூஸி, மொசாம்பிக். புயலுக்குப் பின்.

ஆறு தன் படுக்கைக்குத் திரும்பி
ஒன்பது நாளாகிவிட்டது.
நாங்கள் இன்னும் திரும்பவில்லை.
கூரை போன பள்ளிக்கூடத்தில்
கதவைக் கழற்றிப் போட்டதுதான் மேசை.
அதன் கைப்பிடி என் முழங்கையை
இடித்துக்கொண்டே இருந்தது.
மேசைக்கு இந்தப் பக்கம் நான், அடெரிட்டோ,
தற்காலிகப் பதிவாளன்,
போன மாதம்வரை சைக்கிள் டயர் விற்றவன்.

எழுபத்தெட்டாவதாக அவள் வந்தாள்.
முதுகில் துணியால் கட்டிய ஒரு தம்பி,
விரலைப் பிடித்தபடி இன்னொரு தம்பி,
நான்காவது ஆளாக ஓர் அலுமினியப் பானை.
பெயர்?
டியோலிண்டா முட்டிசே.
குடும்பத் தலைவர்?
நான்தான்.
வயது?
பன்னிரண்டு.

படிவத்தில் அதற்கு இடமில்லை.
தலைவர் என்றால் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும்.
ஆகாவிட்டால் அட்டை இல்லை,
அட்டை இல்லாவிட்டால் சோளமாவு இல்லை, எண்ணெய் இல்லை,
தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய்கூட இல்லை.

நான் கெட்டவன் இல்லை.
பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னேன்:
பதினெட்டு என்று போட்டுவிடுகிறேன், பேசாமல் இரு.
காலையிலேயே இரண்டு பேருக்கு அப்படிப் போட்டிருந்தேன்.
ஒருத்தி என் கையை முத்தமிட்டாள்.

இவள் என் பேனாவின் மேல் கையை வைத்தாள்.
"படகுக்காரர் ஃபெனியாஸ் நேற்று வந்தார்.
என்னைக் கட்டிக்கொள்வாராம்,
தம்பிகளுக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுவாராம்.
எனக்கு வயசு பத்தாது என்று சொல்லி அனுப்பினேன்.
நீங்கள் எழுதி, முத்திரையும் குத்திவிட்டால்
நாளைக்கு வருகிறவரிடம்
நான் என்ன சொல்வேன்?"

பிறகு, கொஞ்சம் யோசித்து:
"ஆறாம் வகுப்பில் பதினெட்டு வயசுக்காரியை
உட்கார விடுவார்களா?"

ஓர் ஆறு வந்து அவள் அம்மாவைக் கொண்டுபோயிற்று.
என் பங்குக்கு இன்னோர் ஆறு.
பன்னிரண்டோடு கூட்டினால்
கணக்கு சரியாக வரும்.

வரிசை முணுமுணுத்தது.
பானைக்குள் கைவிட்டுச் சின்னவன் எதையோ தேடினான்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்து வெள்ளையில்
12 என்று எழுதினேன்.
என் பங்கு மாவை அவள் பானையில் கொட்டினேன்,
அது உதவியா லஞ்சமா என்று
எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெய்ரா அலுவலகம் படிவத்தை மூன்று முறை திருப்பி அனுப்பியது.
நான்காம் முறை நானே கொண்டுபோனேன்,
அவளைப்போன்ற நாற்பத்தொரு பேரின் படிவங்களோடு.
ஜுல்மிரா என்ற அதிகாரி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.
"இவர்களுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லி
மேலே எழுதுகிறேன்" என்றார்.
எழுதினார். நான்கு வாரம் கழித்துக் கட்டம் வந்தது.
நான்கு வாரம் என்பது எத்தனை வேளை என்று
டியோலிண்டாவைக் கேளுங்கள்.

அந்த இரண்டு பேரையும் தேடிப்போனேன்,
அழித்து எழுத.
ஒருத்தி கிடைத்தாள்.
கையை முத்தமிட்டவளின் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது.
படகில் போனாள் என்றார்கள்,
யாரோடு என்று யாரும் சொல்லவில்லை.

பதிவேட்டில் இருக்கிறாள்.
என் கையெழுத்தில், பதினெட்டு,
தெளிவாக,
கட்டத்துக்குள்ளே.