இரண்டு காலி இடம்

காந்திபுரத்துக் கடைக்காரர்
இரண்டு மதர்போர்டு எடுத்து வைத்தார்.
மலிவானதே போதுமாம்.
"குன்னூர் ஆளுக்கு ஹீட்சிங்க் எதுக்கு?
ஜன்னலைத் திறந்துவிடுங்க."

திறந்தால் மேகம் கேட்காமல் உள்ளே வரும் என்று
அவருக்கு யார் சொல்வது?
ஓடும்போது ஒன்றுமில்லை.
அணைத்துவிட்டுத் தூங்கினால்
விடியலில் போர்டு முழுக்க வேர்த்திருக்கும்.
கீழே தேயிலை ஃபாக்டரியில் விசிறி போட்டால்
எங்கள் லைனில் வோல்டேஜ் நூற்றெண்பது.

மூவாயிரம் கூடக் கொடுத்து
தடித்ததையே வாங்கினேன்.
பஸ்ஸில் அதற்கு என் மடி,
அரிசிப் பைக்குக் காலடி.

இரவு ஒன்றரை. நாலு புள்ளி ஏழு.
நாலு புள்ளி ஒன்பது.
ஐந்தைத் தொட்டதும் திரை நீலம்.
பர்லியார் வளைவில் ஏறும் டிரைவர்போல
ஒரு கியர் இறக்கினேன்.
மூச்சு நிதானித்தது, அதற்கும் எனக்கும்.

சத்தத்தில் எழுந்த ஹேமாவதி
திட்டுவாள் என்றிருந்தேன்.
ஈர சாக்ஸ் இரண்டைக் கொண்டுவந்து
சூடான காற்று வரும் பின்பக்கம் தொங்கவிட்டாள்.
குனிந்து பார்த்தாள்.
"அந்தக் காலி இடம் ரெண்டும்?"
"மெமரிக்கு. அடுத்த போனஸ் வரட்டும்."
"அடுத்த போனஸ் கீசருக்கு."

காலையில் சாக்ஸ் காய்ந்திருந்தது.
ஒன்று மட்டும்.