களி

"இன்னா கோட்டீஸ்வரி, ஊட்டுக்காரன காணோமே"ன்னு
தண்ணி லாரியாண்ட யாராச்சும் கேட்டா
நான் வாயத் தொறக்கறதுக்குள்ள
பின்னாடி குடம் வெச்சவ சொல்லிடுவா:
"களி துன்னப் போயிக்கீறான்."

ரெண்டே எழுத்து.
கன்டெய்னர் யார்டு, லாரி பேட்டரி ரெண்டு,
வாட்ச்மேன் கன்னத்துல வுட்ட அறை,
ஜாமீன் கையெழுத்துக்கு ஆளு தேடி
நான் தண்டியார்பேட்ட பூரா அலைஞ்ச பதினேழு நாளு,
எல்லாம் அதுக்குள்ள அடங்கிடுச்சி.
அடங்காதது குடம் மட்டுந்தான்.
ஆறு. அவன் இருந்தா மூணு அவன் தூக்குவான்.

குழாயடிச் சண்டன்னாலும் அதே வார்த்த.
"உன்ன களி துன்ன வெக்கல, நான் என் ஆத்தாளுக்குப் பொறக்கல."
சொன்னவளும் துன்னதில்ல, கேட்டவளும் துன்னதில்ல.

புதன்கெழம ஸ்டான்லில சக்கர பாத்தாங்க.
முந்நூத்திப் பன்னெண்டு.
டாக்டருப் பொண்ணு சீட்டுல எழுதிக்கினே சொல்லுது:
"அரிசியக் கொறைங்க. ராத்திரிக்கு கேழ்வரகுக் களி சாப்பிடுங்க."
எனக்கு சிரிப்பு பொத்துக்கினு வந்துச்சி.
"எத்தினி நாளைக்கிம்மா?"
"இனிமே எப்பவுமே."

ஜட்ஜு கூட அவனுக்கு அவ்ளோ சொல்லல.

அதே வாரம் மோனிஷு
பரிச்சப் பேப்பரு நீட்டுறான், கையெழுத்து போட.
ஆறாங்கிளாஸ் தமிழு. பொருள் எழுதுக.
களி: ஜெயில்.
புள்ள குண்டு குண்டா எழுதிக்கீறான்.
அதும்மேல செவப்புல ஒரு பெருக்கலு,
பக்கத்துல சாரு எழுத்து: மகிழ்ச்சி.
எழுத்துக்கூட்டி ரெண்டு தபா படிச்சேன்.
எந்தத் தெருவுலடா இருக்குது இந்த அர்த்தம்?

"கிளாஸ்ல சிரிச்சாங்களா?"
"எல்லாரும்."
"சாரு?"
"சாரு போர்டு பக்கம் திரும்பிக்கினாரு."

அப்பால பாத்து கையெழுத்து போடுறேன்னு
பேப்பர அரிசி டப்பாவுக்கு அடியில சொருவுனேன்.

ராத்திரி அடுப்புல தண்ணி கொதிக்குது.
மாவக் கொட்டி கிண்டுறேன், கிண்டுறேன்,
தோள்பட்ட கழண்டுக்கும் போல.
ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் கஞ்சி.
நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு பக்கத்துல
ராஜா மாதிரி குந்தினுக்கீது.
மோனிஷு தட்டத் தள்ளிட்டான்.
"நாம எதுக்கும்மா துன்னணும்?
நாம இன்னா பண்ணோம்?"

அவனுக்கு சோறு போட்டேன்.
நான் துன்னேன். தொண்டையில நின்னு நின்னு எறங்குச்சி.
ருசி மோசமில்ல.
அத அவங்கிட்ட சொல்லல.

சனிக்கெழம மூலக்கடையில பஸ் மாறி
புழலுக்கு மனு பாக்கப் போனேன்.
கண்ணாடிக்கு அந்தாண்ட எத்திராஜு.
கன்னம் லேசா ஒப்பிக்கீது.
போனு கொரகொரங்குது.
"உள்ள களியா போடுறாங்க?"
சிரிக்கிறான் பாவி,
"அதெல்லாம் அந்தக் காலம்டி. சோறுதான்.
ஞாயித்துக்கெழம கோழி கூட.
நீ இன்னா துன்ன?"

"களி."

கொஞ்ச நேரம் கொரகொரப்பு மட்டும்.
அவன் பொறந்த ஊட்டுல ஆடி மாசம்
கிண்டுறது அவன்தானாம்,
இத்தினி வருசம் சொன்னதே இல்ல.
"மாவ மொதல்ல பச்சத் தண்ணியில கரைச்சிக்கோ.
அப்பால கொதிக்கிற தண்ணியில ஊத்து.
கைய நிறுத்தாத.
கட்டி வுழ..."

டைம் முடிஞ்சிடுச்சி. போனு செத்துப்போச்சி.
கண்ணாடிக்கு அந்தாண்ட
வெறுங்கையால கிண்டிக் காட்டுறான்.
ரெண்டு கையும் சேத்து, இடுப்ப வளச்சி.
பின்னாடி நிக்கிற போலீஸ்காரரு
இவனுக்கு இன்னா ஆச்சின்னு பாக்குறாரு.
பக்கத்து ஜன்னல் பொம்பள கூட பேச்ச வுட்டுட்டுப் பாக்குறா.
அவன் நிறுத்தல.

ஊட்டுக்கு வந்து பேப்பர எடுத்தேன்.
ஒரு மூல ஈரம், கேவுரு மாவு ஒட்டினுக்கீது.
சாரு எழுதுன வார்த்தைக்குக் கீழ எடமில்ல.
புள்ள எழுதுனதுக்கும் சாரு எழுதுனதுக்கும் நடுவுல
கொஞ்சூண்டு இருந்துச்சி.
கோட்டீஸ்வரின்னு நெருக்கி எழுதுனேன்,
கடைசி எழுத்து செவப்பு மேல ஏறிடுச்சி.

லாரி ஆரன் அடிக்கிறான்.
மோனிஷு சொல்லாமயே ரெண்டு குடம் எடுத்துக்கினான்.