நடு எண்

கொடுங்கையூர் மைதானத்துச் சாமான் அறை,
காலை ஆறேகால்.
ஜன்னலுக்குப் பழைய கோல் வலையை மடித்துக் கட்டியிருக்கிறோம்.
சந்தானலட்சுமி மேடம் பெட்டியைத் திறக்கிறார்:
பஞ்சில் படுத்திருக்கும் கிடுக்கி,
நாடா,
தோலில் புள்ளி வைக்க ஒரு கண்மைப் பென்சில்.
முழங்கால் கட்டோடு நான் உட்கார்ந்திருப்பதால்
நோட்டு என் மடிக்கு வந்தது.
"பேனாவுல எழுது. அழிக்கக் கூடாது.
மூணு தடவ சொல்லுவேன்,
நடு எண்ண எடுத்துக்க."

அப்ரின், விங்.
கையின் பின்புறத் தோலைக் கிள்ளித் தூக்கி
கிடுக்கியின் வாயில் கொடுத்தார்.
பதினொன்று. பதினொன்றரை. பதினொன்று.
நேற்றைய பந்துப் பசை போகாத அவள் விரல்கள்
நாடாவில் ஒட்டிக்கொண்டன.
வலது கை இடதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் பருமன்.
எறிகிற கை என்று எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்.

ஜெமிமா, கோல்கீப்பர். காசிமேட்டிலிருந்து இரண்டு பஸ்.
அவள் அம்மா மீனைத் தூக்கிப் பார்த்தே
கிலோவுக்கு எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடும்.
இவள் கிடுக்கியைப் பார்த்துக் கேட்டாள்:
"செவுளையும் தூக்கிப் பாப்பீங்களா மேடம்?"
மேடம் சிரித்தார். முள் அசைந்துவிட்டது.
அந்த எண்ணை மறுபடி எடுத்தோம்.

வெறுங்காலோடு ஏறி நிற்க ஒரு மெஷின்.
பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவேண்டும்.
உள்ளங்காலில் தெரியாமல் ஏறும் மின்சாரம்
உடம்பைச் சுற்றி இறங்கி வந்து சொல்லுமாம்
கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று.
கங்காதேவிக்குத் தண்ணீர் ஐம்பத்தொரு சதவீதம்.
"அம்பத்தொண்ணா? லாரில எனக்கு
ஆறு கொடம்தான கெடச்சுது!"
நாலரைக்கு எழுந்து
ஆறையும் மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள்.
'பயிற்சி செய்யாமல் வந்தார்' என்ற கட்டத்தில்
டிக் போட்டேன்.
பிறகு அடித்துவிட்டு மேடத்திடம் சொன்னேன்.
மேடம் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார்.
"நாளைக்கு எடுத்துக்கலாம்."
நாளைக்கும் லாரி வரும்.

காற்று திரும்பியது.
குப்பைமேட்டுப் புகை வலைக்கண் வழியே உள்ளே வர
எல்லோரும் ஜெர்சியை மூக்குவரை ஏற்றிக்கொண்டார்கள்.
"அப்படியே நில்லுங்க" என்று
அந்த இடைவெளியில்
இரண்டு பேர் வயிற்றை அளந்துவிட்டார் மேடம்.

நாகவல்லி, பிவட். எழுபத்திரண்டு கிலோ.
தாளின் அடியில் அச்சடித்திருந்தது
எங்கோ பனி பெய்யும் நாட்டுப் பெண்களின் சராசரி.
இவள் எண் அதற்கு மேலே நின்றது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவளாகவே சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.
ஆறு மீட்டர் கோட்டில்
இரண்டு பேர் முதுகில் சாய்ந்து அழுத்த
ஒற்றைக் கையில் பந்தை வாங்கித் திரும்புகிறவள்.
திரும்பும்போது அந்த இரண்டு பேரும் சேர்ந்து திரும்புவார்கள்.
ராத்திரி சோறு வேண்டாம் என்பாள் இன்றைக்கு.
எனக்குத் தெரியும்.
ஓரத்தில் இடம் தேடினேன். முன்பே நிரம்பியிருந்தது.

ஒன்பதாம் நம்பர் நான்.
கட்டை நானே அவிழ்த்தேன்.
வலது தொடை ஐம்பத்திரண்டு.
இடது நாற்பத்தெட்டரை,
நாற்பத்தொன்பது,
நாற்பத்தெட்டரை.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம்.
"சீக்கிரம் ஆடலாம்மா" என்றார் ஸ்டான்லி டாக்டர்.
"பாக்கலாம்" என்றார் கோச்.
நாடாவுக்கு அப்படி இழுத்துப் பேசத் தெரியவில்லை.
எங்கள் பந்தின் சுற்றளவு ஐம்பத்தைந்து:
வலது கிட்டத்தட்ட ஒரு பந்து,
இடது
காற்று இறங்கி மூலையில் கிடப்பது.

பேனாவை மூடினேன்.
கண்மைப் பென்சிலை எடுத்து
என் வரியை எழுதினேன், தடிமனாக, கறுப்பாக,
கட்டைவிரல் பட்டால் கலைகிற மாதிரி.

மேடம் பார்த்தார்.
"பதினொண்ணு யாரு?" என்றார்.