ஒற்றைக் கோடு

பத்தலப்பல்லி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
புளிய நிழலில் ஒரு மடக்கு மேசை.
ஐஸ் பெட்டி, பஞ்சுக் குச்சிகள்,
கரைசல் ஊற்றிய நூறு சின்னக் குப்பிகள்.
வெள்ளிக் காகித உறைகளில்
என் மூன்று வருடம்.

சுண்டுவிரல் நீளப் பட்டை அது.
ஆட்டின் கண்ணில் ஒற்றிய குச்சியைக்
கரைசலில் அலசி மூன்று சொட்டு விட்டால்
கால் மணி நேரத்தில் கோடு எழும்.
இரண்டென்றால் ஆட்டுக்கொல்லி.
ஒன்றென்றால் இல்லை.
ஒன்றுமே எழாவிட்டால் தவறு என்னுடையது.

முதல் நாள் வெயிலில்
ஈரம் பாதி வழியிலேயே வற்றி நின்றுவிட்டது.
"பட்டைக்கே தாகம் எடுக்குது மேடம்" என்றார்
ஜீப் ஓட்டும் ஜெயசீலன்.
மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கே மேசை போட்டோம்.

வி.கோட்டா சந்தைக்குப் போகும் வண்டியை நிறுத்தினால்
அஸ்கர் பாய்க்குக் கோபம்.
"வாயைப் பொளந்து பாருங்க,
தவிடு ஒட்டினாப்ல இருந்தா போச்சு.
இதுக்கு ஒரு காகிதம் வேணுமா?"
தவிடு தெரியும் நாளில்
பாதி மந்தைக்கு ஏறியிருக்கும் பாய்,
அந்த நாலு நாளை முந்தத்தான் இந்தக் காகிதம் என்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கொத்தூரில் பதினோரு ஆடுகள்.
பதினொன்றுக்கும் ஒற்றைக் கோடு,
நூல் பிடித்ததுபோல் நேராக.
அன்றிரவு அட்டவணையில் பதினோரு கட்டத்துக்கும்
பச்சை அடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் போன் வந்தது. ஏழு செத்துவிட்டன.
அதே காலையில் எடுத்த ரத்தத்தை
ஆய்வகத்தில் பிசிஆர் போட்டுப் பார்த்தவர்கள்
ஒன்பதில் வைரஸ் என்றார்கள்.

எதிர்ப்பொருளைச் சந்தேகித்தேன்.
கரைசலின் உப்பை,
பட்டை ஒட்டும் பசையை,
ஐஸ் பெட்டி மூடியை,
ஜெயசீலன் ஜீப்பை நிறுத்திய வெயிலைச் சந்தேகித்தேன்.
இரண்டு வாரம்.
புதிதாக வார்த்த பட்டைகளும்
ஆய்வகத்தில் சமர்த்தாக இரண்டு கோடு காட்டின.

திரும்பக் கொத்தூர் போனபோதுதான் நாகுலம்மா சொன்னாள்,
"டாக்டரம்மா ஒஸ்தாரனி
மொகம் கடிகிதினி."

நான் வருகிறேன் என்று
விடியுமுன் எழுந்து
வெந்நீரில் மஞ்சளும் உப்பும் கரைத்து
பழைய புடவைக் கிழிசலால்
பதினோரு முகத்தையும் துடைத்திருக்கிறாள்.
பீளை வடிகிற முகத்தோடு
படித்தவர்கள் முன்னால் எப்படி நிறுத்துவது?

வேலியில் அந்தத் துணி காய்ந்துகொண்டிருந்தது.
நான் தேடியதெல்லாம்
ஒரு விடிகாலை அதில் இருந்திருக்கிறது.

"கடுவாம இருந்தா பொழச்சிருக்குமா?"
எனக்காகத் தமிழில் கேட்டாள்.
இல்லை என்றேன்.
அந்த ஏழுக்கு அது உண்மை, மருந்து கிடையாது.
அன்றே தெரிந்திருந்தால்
அடுத்த பட்டிகளுக்கு ஊசி போட்டிருக்கலாம்,
மேல்தெருவில் இருபது மிஞ்சியிருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.
என் பட்டையைப் போலவே
ஒரு கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

செய்முறைத் தாளில்
தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வரி சேர்த்தேன்:
ஆட்டின் முகத்தைக் கழுவாமல் கொண்டுவாருங்கள்.
துறைத் தலைவர் அடித்துவிட்டார்,
ஆய்வுக்கு உரிய நடை இல்லையாம்.
மறுபடி எழுதினேன், தடித்த எழுத்தில்,
ஒன்பதாவதாக இருந்ததை ஒன்றாவதாக்கி.

இன்று நாகுலம்மா வந்திருக்கிறாள்,
மீந்த நாலில் ஒரு சினையாட்டோடு.
அதற்குக் கண் இரண்டும் ஒழுகுகிறது.
ஈ மொய்க்கிறது.
பழக்கத்தில் கை எழுந்துவிடாதிருக்க
முந்தானையைச் சுருட்டிப்
பிடிக்குள் இறுக்கி நிற்கிறாள்.

மூன்று சொட்டு விட்டாயிற்று.
ஈரம் ஏறுகிறது.