பதினைந்தில் மூன்று

நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டில்
நடந்தால்தான் கூலி.
நின்றாலும் கூலி என்று சொன்ன ஒரே ஆள்
தையல்நாயகி.
கும்பகோணம் ஓவியக் கல்லூரி, மூன்றாம் வருஷம்,
விரல் நுனியெல்லாம் கரி.
"மூட்டையோட அப்படியே நில்லுங்க, பத்து நிமிஷம்."
சுமந்துகொண்டு சும்மா நிற்பது
வேகன் ஏற்றுவதைவிடக் கஷ்டமென்று
அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

முதல் படம் ஆளுயரம், எண்ணெய் வண்ணம்.
மூன்று மாதம் வரைந்துவிட்டுக் கூப்பிட்டாள்.
முகம் நான்தான். முழங்காலும் நான்தான்.
"மூட்டையில என்னம்மா இருக்கு?"
"நெல்லு."
"இல்ல, தவிடு."
அவள் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள்.
மறுவாரம் போனபோது
கணுக்காலிலிருந்து என்னைச்
சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் கண்காட்சி.
பதினொரு படம் போய்
பத்து திரும்பி வந்தது அதே லாரியில்.
போன ஒன்றை ஒரு பல் டாக்டர் வாங்கினாராம்.
யார் யாரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

டிராயிங் டீச்சர் வேலையை விட்டாள்.
அந்தப் பணத்தில்,
மகாமகக் குளத்தோரம் வியாபாரத்தை மூடிய ஒருவரிடம்
கரும்புச்சாறு மெஷின் வாங்கினாள்.
உருளை இரண்டையும் லேத்துப் பட்டறையில் கடைந்து
அச்சு மெஷின் ஆக்கினாள்.
துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி
ஊசியால் என்னைக் கீறி
ஆசிட்டில் இறக்கினால்
கீறின இடத்தை மட்டும் தின்னும்.
சக்கரத்தைச் சுற்றியது நான்தான்.
முதல் நாலு தாளில் எறும்பு மொய்த்தது.

ஐந்தாவதை உரித்தாள்.
நான் திரும்பிப்போயிருந்தேன்.
காய்ப்பு விழுந்தது வலது தோளில்,
தாளில் போகிறவனுக்கு மூட்டை இடது தோளில்.
"மாறி விழுந்திருக்கு."
"மாறித்தான் விழும்."

பதினைந்து பிரதி. மூன்றாவது எனக்கு.
3/15 என்று பென்சிலில் எழுதி,
பக்கத்தில் தலைப்பு:
'பக்கிரிசாமி, ஈரப்பதம் பதினேழு'.
வீட்டில் காலண்டர் ஆணியில் மாட்டினேன்.
என் பெண்டாட்டி வெகுநேரம் பார்த்தாள்.
"யாரு இந்த இடங்கையன்?
எங்க வலங்கைமான்ல இப்படி ஒருத்தன் கிடையாது."

டெல்லியில் பரிசு. பிறகு
கடல் தாண்டி ஏதோ ஒரு மியூசியத்தில்
இரண்டு பிரதி.
வழவழப்பான புத்தகத்தில் ஒருவர் எழுதியிருந்தார்,
உழைப்பின் மௌனம் இந்த முகம் என்று.
தையல்நாயகி வாசித்துக் காட்டினாள்.
கடைவாய்ப் பல் வலி, வேறொன்றுமில்லை.
அந்த டாக்டர் படத்தைப் பார்த்தே
கண்டுபிடித்திருப்பார்.

கஜா அடித்த ராத்திரி ஓடு பறந்தது.
தாளெல்லாம் கூழ்.
வரைந்து வைத்த எட்டு வருஷம்
வாசலில் பழுப்பாக ஓடியது.
தகடுகளைச் சாக்கில் கட்டி
நான்தான் தூக்கிக்கொண்டு போனேன் மேட்டுக்கு,
எந்தத் தகட்டில் எத்தனையாவது நான் என்று தெரியாமல்.
அன்றைக்கு அவள் படம் எடுக்கவில்லை, வரையவுமில்லை.
கூடவே நடந்தாள், இருமிக்கொண்டு.
ஆசிட் இருமல்.

இப்போது அவள் முகம் போடுவதில்லை.
ஆளே இல்லாத மூட்டைகள் போடுகிறாள்,
பக்கத்து நகரத்துப் பெண்கள் போடுகிறாள்,
ஏ.டி.எம். வாசலில் செருப்போடு தூங்கும் காவலாளியை.
எனக்கு வருத்தமா என்று கேட்டாள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

போன மாசம் பதினைந்தாவது பிரதியும் போய்விட்டது.
இனி யாரும் எடுக்காதபடிக்குத்
தகட்டைக் கீறிவிட வேண்டுமாம், அதுதான் நியாயமாம்.
ஊசியை என்னிடம் நீட்டினாள்.
முகத்தில் வைக்க மனசு வரவில்லை.
மூட்டையில் வைத்தேன்.
கை தானாகவே போனது,
கொள்முதல் நிலையத்தில் குத்தூசி இறக்குகிற மாதிரி,
சாய்வாக, ஒரே இழுப்பு.

கீறினதற்குச் சாட்சியாக ஒரு தாள் எடுத்தாள்.
வாய் கிழிந்த சாக்கிலிருந்து
ஒரு கறுப்புக் கோடு தரைவரை வழிந்தது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
"நெல்லுதான்," என்றேன்.

அதற்கு எண் கிடையாது.
அவள் கையெழுத்தும் கிடையாது.
பென்சிலைக் கொடுத்து, போடுங்க என்றாள்.
எனக்கு என் பேர் எழுத வரும்.
இந்த ஓரமா,
அந்த ஓரமா என்று கேட்டேன்.