ஐம்பத்தொரு கிலோ

எல்லோரும் பெருவிரலால்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள்.
பெருவிரலா உட்காரப் போகிறது?

திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டில் என் கடை.
போர்வெல் வண்டி ஓனர் முத்துரத்தினம்
வந்ததும் அமுக்கினார்.
"நாப்பதுல நல்லாக் கெட்டியாப் போடுங்க,
காசு கெடக்குதுங்."

கெட்டி வேறு, நாற்பது வேறு என்றேன்.
நாற்பது என்பது எடைக் கணக்கு.
நீளம் அகலம் உயரம் ஒவ்வோர் அடி அறுத்துத் தராசில் வைத்தால்
ஒரு கிலோ நூற்று முப்பது காட்டவேண்டும்.
தொள்ளாயிரம் காட்டினால் அது முப்பத்திரண்டு,
பில்லில் என்ன எழுதியிருந்தாலும்.
எத்தனை வருஷம் தாங்கும் என்பதை எடை சொல்லும்.
கெட்டியா மெதுவா என்பதை
உட்காருகிறவர்தான் சொல்லவேண்டும்.

"நான் உக்காந்து பாத்தாச்சுங், அருமையா இருக்குது."

அவர் தொண்ணூற்றாறு கிலோ.
சத்தீஸ்கர் வரை ஓட்டப்போவது அவரில்லை.

டிரைவர் அர்த்தநாரி கதவோரம் நின்றிருந்தார்.
உட்காருங்க என்றேன்.
ஓனர் முன்னால் எப்படி உட்கார்வார்களோ அப்படி உட்கார்ந்தார்,
விளிம்பில்,
பாதி எடையைக் காலிலேயே வைத்துக்கொண்டு.
ஃபோம் அசையவே இல்லை.
பாதி ஆளுக்கு நான் எதை அறுப்பது?

எதிர் பேக்கரியில் இப்போதுதான்
தேங்காய் பன் இறங்கியிருக்கும் என்றேன்
ஓனரிடம். போனார்.

அப்புறம் உடம்பு இறங்கியது.
முதலில் இடுப்பு, பிறகு முதுகு,
ரொம்ப நேரம் கழித்துத் தோள்.
நான் பேசவில்லை. அவரும்.
இல்லாத கிளட்ச்சின் மேல் இடது காலை வைத்தார்,
எடுத்தார், வைத்தார்.
"இங்க வெட்டுதுங்க."
முட்டிக்குச் சற்று மேலே தொட்டுக் காட்டினார்.
"பழைய சீட்டுலயும் இங்கயேதான்.
ராய்ப்பூர் தாண்டுனா இந்தக் காலு என்னுதில்லீங்."

அதே நாற்பதில் மெதுவானதை இறக்கினேன்.
முன்விளிம்பை நாலு விரல் சரித்துச் செதுக்கி
இன்னும் மெதுவான துண்டொன்றை ஒட்டினேன்.
கழிவு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில்
அவரை ஏறச் சொன்னேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.
ஐம்பத்தொன்று.

வண்டி நம்பர் எழுதுகிற அடிப்பக்கத்தில்
அதை மார்க்கரில் எழுதினேன்.
ரெக்சின் தைத்துவிட்டால் தெரியாது.

ஓனர் வந்தார், மீசையில் தேங்காய்ப்பூ.
பெருவிரலை வைத்தார்.
"பாத்தீங்களா, கெட்டியாப் போட்டாத்தான் சரி."

ஜிஎஸ்டி நம்பர் சொல்லுங்க என்றேன்.